இஸ்திரி அறை, சரியான வேகத்தில்

அன்புள்ள அம்மாடிக்கு,

அப்பா எழுதுவது. ஆமாம், நானேதான். உன் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து நான் சொல்லச் சொல்ல அவன் எழுதியதும் இல்லை, யாரிடமும் கெஞ்சி எழுதி வாங்கியதும் இல்லை. எழுத்து இப்படிக் கோணிக்கொண்டு போவதைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் தொடங்கப் போனேன், நான் வாய்விட்டு எழுத்துக்கூட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மா, "முதல் வரியிலேயே பொய்யை எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டாள். அதனால் உள்ளதை எழுதுகிறேன். அவளுக்கு முழங்கால் வலி குறையவில்லை, படி இறங்குவதே இல்லை, மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறாமல் போய்ப் பல நாள் ஆகிறது, கீழேயிருந்து குடத்தில் நான்தான் தூக்கி வருகிறேன். அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம், வாய் அப்படியே இருக்கிறது. நான் காலையில் மட்டும் சலவைக்கூடத்துக்குப் போகிறேன். இஸ்திரி இயந்திரத்தின் பிடியை இழுத்தால் தோள் முன்பு போல் கேட்பதில்லை, மதியம் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு காரணம் தேட வேண்டியிருக்கிறது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும், ஆனால் நீ சுகமாக இல்லை என்று தெரிந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுதக் கற்றுக்கொண்டது எப்படி என்று கேட்பாய். நம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு அம்மா குடிவந்திருக்கிறார், ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் அவர் டிக்கெட் அம்மாதான். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் வரலாம் என்று சாயங்கால வகுப்பு ஆரம்பித்தார். நான் படிப்புக்காகப் போகவில்லை, அவர் வீட்டில் பெரிய மின்விசிறி இருந்தது, அதற்காகப் போனேன். போய் உட்கார்ந்தவனை அவர் சும்மா விடவில்லை. எழுதிக் காட்டினால் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தப்பு இருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் நோட்டை மேஜை மேல் திருப்பித் தள்ளிவிடுவார், சில்லறை இல்லை அடுத்த ஆள் வா என்பது போல. அந்தத் தள்ளலுக்குப் பயந்தே படித்தேன். முதலில் படித்தது பேருந்தின் நெற்றியில் இருந்த ஊர்ப் பெயர். இத்தனை வருஷம் நிறத்தை வைத்து நான் ஏறிய பேருந்து அம்மாடி, இப்போது தானாகப் பேசுகிறது. கடைப்பலகை பேசுகிறது, மருந்துப்புட்டி பேசுகிறது. அன்றைக்கு நான் வழி நெடுக வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்ததைப் பார்த்து, "பெரியவருக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று பால்காரர் அண்ணனிடம் சொன்னாராம். ஆகத்தான் செய்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய இசைத்தட்டு அட்டை நசுங்காமல் வந்து சேர்ந்தது. அட்டையில் உன் படம். ஒல்லியாகிவிட்டாய். மடியில் வீணை போல மீட்டுகிற அந்த ஊத் வாத்தியத்தை வைத்திருக்கிறாய், பின்னால் பியானோக்காரர், ஆளுயர வயலினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒருத்தர், சாக்ஸபோன் வைத்த ஒரு பெண், டிரம்ஸ்காரர். வாத்தியத்தின் தலை பின்பக்கமாக மடங்கி இருப்பதைப் பார்த்து அத்தை, "ஐயையோ, கழுத்து ஒடிஞ்சுபோச்சே, இதையா வச்சு வாசிக்கிறா? வேற வாங்கித் தர ஆள் இல்லையா?" என்றாள். அது பிறவியிலேயே அப்படித்தான் என்று அண்ணன் சொல்லியும் நம்பவில்லை. தட்டு வந்ததே தவிர, சுழற்றிக் கேட்க நம் வீட்டில் எதுவும் இல்லை. முக்குக்கடை ரேடியோக்காரரிடம் பழைய பெட்டி ஒன்று இருந்தது, அவரே தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்து, முள்ளை எப்படி வைப்பது என்று காட்டிவிட்டு, கடையைப் பூட்டாமல் வந்துவிட்டேன் என்று ஓடிவிட்டார். ஓடும்போதே பின்னால் திரும்பி, பெட்டியின் ஓரத்தில் டேப் ஒட்டிய பொத்தானைத் தொட வேண்டாம், அது ஆடும், ஒட்டி வைத்திருக்கிறேன் என்றார். நாங்களும் தொடவில்லை.

வைத்தோம். அம்மாடி, உண்மையைச் சொல்கிறேன், தீப்பிடித்த வீட்டிலிருந்து சாமான்களை வெளியே எறிவது போல இருந்தது. பியானோ ஓடுகிறது, டிரம்ஸ் துரத்துகிறது, சாக்ஸபோன் கத்துகிறது, நடுவில் உன் ஊத் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே மூச்சிரைக்க ஓடுகிறது. ஜாஸ் என்றால் இப்படித்தான் என்று அண்ணன் பெரிய ஆள் மாதிரி சொன்னான், அவனுக்கும் தெரியாது, பேருந்து ஓட்டுகிறவன். நாலாவது பாட்டு வந்தது. அதில் வாத்தியத்துக்கு அடியில் மெலிதாக ஒரு குரல், கீச்சென்று, விட்டு விட்டு. அத்தை காதைக் கையால் மடித்து வைத்துக் கேட்டுவிட்டு, "குழந்தை அழுவுது. இவ குழந்தை பெத்துக்கிட்டு நம்மகிட்ட மறைக்கிறா" என்றாள். மறுநாளே கம்பளி நூலை எடுத்துக் குல்லாய் பின்ன உட்கார்ந்துவிட்டாள். உன் அம்மா அதைக் கேட்டு, "குழந்தையும் இல்ல ஒண்ணும் இல்ல, அது அவ குரல்தான். அழுதுக்கிட்டே வாசிக்கிறா" என்றாள்.  அந்தப் பாட்டு முடியும் இடத்தில் டடக்கென்று ஒரு சத்தம் வரும், ஒவ்வொரு தடவையும் அத்தை முள் குதித்துவிட்டது என்று எழுந்து போய்ப் பெட்டியை முறைத்துவிட்டு வருவாள். நாலைந்து நாள் இப்படிக் கேட்டோம். அம்மா ஒவ்வொரு நாளும் அந்தக் குரல் வரும்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் நீ போன் செய்தாய். நீ போன தடவையே சொல்லியிருந்தாய், இந்தத் தட்டுதான் கடைசி முயற்சி, இதுவும் சரிவராவிட்டால் குழுவை விட்டுவிட்டுப் பழைய கணக்கு வேலைக்கே போய்விடுவேன் என்று. எனக்கு அது நினைவில்லாமல் இல்லை. நீ, "எப்படிப்பா இருக்கு? உங்களுக்குப் பட்டதைச் சொல்லுங்க" என்று கேட்டாய். எனக்குப் பட்டதைச் சொன்னேன். "எதுக்கும்மா இவ்வளவு ஓட்டம்? உன்னை யாரு துரத்துறாங்க? விட்டுட்டு வந்துடு" என்றேன். பக்கத்தில் அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.  சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ போனை எடுப்பதில்லை. அண்ணனுக்கு மட்டும் செய்தி அனுப்பினாய் என்று அவன் வந்து சொன்னான், ஊர் ஊராகப் போய் வாசிக்கும் பயணத்துக்கு வரவில்லை என்று குழுவிடம் சொல்லப் போகிறாய், வாத்தியத்தை விலைக்குக் கேட்டு ஒருத்தர் வந்திருக்கிறார், அப்பாவுக்கே ஓட்டமாகத்தான் கேட்கிறது என்றால் வேறு யாருக்காக வாசிப்பது என்று கேட்டாயாம்.

அண்ணன் இதைச் சொன்னதும் உன் அம்மாவுக்கு முகம் மலர்ந்தது, பிள்ளை வரப் போகிறாள் என்று. கொஞ்ச நேரத்தில் வாடிவிட்டது. எனக்கும் அப்படித்தான் அம்மாடி. நீ வந்தால் குடத்துக்கு இன்னொரு கை, உன் அம்மாவுக்குப் பேச்சுத்துணை. அந்த நினைப்பு வந்தது, இல்லை என்று எழுதினால் டிக்கெட் அம்மா திருப்பித் தள்ளிவிடுவார். ஆனாலும் நீ கேட்டது ஒரு கேள்வி, நான் சொன்னது வேறு எதற்கோ பதில் என்று உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

அட்டையின் பின்பக்கத்தில் அந்த ஊர் எழுத்துக்குக் கீழே பாட்டுகளின் பெயரை நம் எழுத்திலும் போட வைத்திருக்கிறாயே, அதை நான் தினம் ஒன்றாகப் படித்துக்கொண்டு வந்தேன். சின்ன எழுத்து, எனக்கு ஒரு பெயருக்கு ஒரு சாயங்காலம் ஆகும். முதலாவது ‘கதவில்லாத ஜன்னல்’. இரண்டாவது ‘மூன்றாம் மாடி’, அதைப் படித்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், நம்ம வீடுதான் என்றேன். மூன்றாவது ஏதோ மழை. நாலாவதை மெதுவாகக் கூட்டினேன். ‘இஸ்திரி அறை’. மறுபடி கூட்டினேன், அதேதான் வந்தது. அம்மாடி, நான் முதல் முறையாக ஒரு அச்சடித்த தாளில் என்னைப் பார்த்தேன். எனக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த அறையின் சூடு முகத்தில் அடித்தது.

உடனே தட்டை வைத்து அந்தப் பாட்டுக்கு முள்ளை நகர்த்தினேன். இப்போது அது என்ன என்று தெரிந்துகொண்டு கேட்டேன். டிரம்ஸ்காரர் கம்பியால் தடவும் அந்த உஸ்ஸ் என்ற சத்தம் நீராவி. பெரிய வயலின் இறங்குவது இஸ்திரி இயந்திரத்தின் மேல் தகடு இறங்குவது. அப்படியானால் அந்தக் கீச்சுக் குரல்? உனக்கு நினைவிருக்கும், எனக்குக் கடிகாரம் பார்த்து இஸ்திரி போட வராது. தகட்டை இறக்கினதும் ஒரு ராகத்தை மூக்கால் முனகுவேன், முனகல் முடிந்தால் தகட்டைத் தூக்கலாம், துணி காய்ந்திருக்கும். நீ சின்னப் பிள்ளையாக அழுக்குத்துணிக் கூடைக்குள் உட்கார்ந்து என்கூடச் சேர்ந்து முனகுவாய். அந்த முனகல்தான் இது! ஆனால் ஒத்துவரவில்லை. தட்டோடு சேர்ந்து நான் முனகிப் பார்த்தேன், நான் பாதியில் இருக்கும்போதே நீ முடித்துவிடுகிறாய். கையை மேஜைமேல் வைத்துத் தகடு இறக்குவது போல இறக்கிப் பார்த்தேன். இந்த வேகத்தில் தூக்கினால் துணி ஈரமாகத்தான் வரும், மடித்தால் நாறும். என் மகள் அந்தக் கூடைக்குள் எத்தனை வருஷம் உட்கார்ந்தவள், அவளுக்கு இது தெரியாமல் போகுமா? அவள் தப்பாக வாசித்திருக்கமாட்டாள், இந்தப் பெட்டியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ரேடியோக்காரரிடம் போனேன். பெட்டி வேகமாக ஓடுகிறது என்றேன். அவர் சிரித்து, "பெரியவரே, உங்களுக்கு வயசாச்சு, அதான் உலகமே வேகமா ஓடுது" என்றார். வந்து பாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். வந்து முள்ளை வைத்தார். ஒரு நொடி கேட்டார். தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் பொத்தான் சின்னத் தட்டுக்கும் பெரிய தட்டுக்கும் வேகம் மாற்றுகிற பொத்தானாம். அவரிடம் இருப்பதெல்லாம் சின்னத் தட்டு, அவற்றுக்கான வேகத்தில் வைத்து டேப் ஒட்டிவிட்டு மறந்துவிட்டார். "இத்தனை நாளா இந்த வேகத்துலயா கேட்டீங்க? ஒருத்தர்கூட எழுந்து ஓடலையா?" என்று கேட்டார். அத்தை அவரிடம், "நீ ஒட்டுன டேப்பால என் வீட்டுல ஒரு குழந்தை பொறந்து, அழுது, காணாமயே போயிடுச்சு, அந்தப் பாவம் உன்னைச் சும்மா விடாது" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம், தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

டேப்பைப் பிரித்த பிறகு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து முதலிலிருந்து கேட்டோம். நான் என்னவென்று எழுதுவேன். யாரும் ஓடவில்லை அம்மாடி. ஊத் ஒரு வார்த்தை சொல்கிறது, நிற்கிறது. பியானோ அதை யோசித்துப் பார்த்துவிட்டு வேறு விதமாகச் சொல்கிறது. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு தெருவாகப் போகிறீர்கள், சாக்ஸபோன்காரப் பெண் வழிதவறிவிட்டாள் என்றே நினைத்தேன், கடைசியில் எல்லோரும் ஒரே வாசலில் வந்து செருப்பைக் கழற்றுகிறீர்கள். ஊத் சத்தம் முன்பு தகரம் போல இருந்தது, இப்போது அடிவயிற்றிலிருந்து வருகிறது. எனக்கு இசை தெரியாது, ஆனால் வேலை தெரியும். வேலை தெரிந்த ஆட்கள் ஒருத்தர் கைக்கு ஒருத்தர் இடம் விட்டு வேலை செய்கிற சத்தம் அது.

நாலாவது வந்தது. நீராவி, தகடு, அதற்குப் பிறகு உன் முனகல். தாழ்ந்து, நிதானமாக. என் கை தானாக மேஜைக்குப் போய்விட்டது. நான் முனகினேன், நீயும் முனகினாய், இரண்டு பேரும் ஒரே இடத்தில் முடித்தோம், நான் தகட்டைத் தூக்கினேன். உன் அம்மா சிரித்துவிட்டாள், முழங்கால் வலி வந்த நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. அப்புறம் அந்த டடக் சத்தம் வந்தது, இந்தத் தடவை அது டடக் இல்லை. ஒன்று. கொஞ்சம் இடைவெளி. இன்னொன்று. கையால் ஊத்தின் மர வயிற்றில் தட்டுகிற சத்தம். அத்தைகூட எழுந்திருக்கவில்லை. போர்வையை மடித்து முடித்து, ஓரமும் ஓரமும் சேர்ந்திருந்தால் நான் இரண்டு முறை தட்டி அடுக்கில் வைப்பேனே, சரியில்லாததைத் தட்டாமல் உதறிப் போட்டுவிடுவேனே. நீ பள்ளிக்கூட ஓவியத்தைக்கூட என் முன்னால் நீட்டித் தட்டச் சொல்வாய், சில சமயம் நான் தட்டாமல் திருப்பிக் கொடுத்து அழவிட்டிருக்கிறேன். நீ எனக்கு அனுப்பிய கேள்வி அதுதான் என்று இப்போதுதான் தெரிந்தது.

அம்மா அன்றைக்குப் படுக்கப் போகுமுன் ஒன்று சொன்னாள். "அழல. களைச்சுப்போயிருக்கா. உங்க குரல்ல வர்ற அதே களைப்பு" என்றாள். அது உண்மை அம்மாடி, எனக்கும் கேட்டது. தாமதமாகச் சாப்பிடுகிறாய், சரியாகத் தூங்குவதில்லை, அந்த முனகலில் எல்லாம் தெரிகிறது. ஆனால் களைப்பு வேறு, முடிந்துபோவது வேறு. நானும் தினம் களைத்துத்தான் வருகிறேன், யாராவது அதனால் நீ இனிமேல் போகாதே என்றால் எனக்குக் கோபம் வரும். களைத்தவளை உட்காரச் சொல்ல வேண்டும், நான் கடையை மூடச் சொல்லிவிட்டேன். போனில் சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அது வேறு ஒரு தட்டுக்குச் சொன்னது, அப்படி ஒரு தட்டை நீ வாசிக்கவே இல்லை.

குழுவிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் சொல்லாதே. சொல்லிவிட்டிருந்தால் போய், எங்கள் வீட்டுப் பெட்டியில் ஒரு டேப் ஒட்டியிருந்தது என்று நடந்ததைச் சொல்லு, வாத்தியக்காரர்கள்தானே, வேகம் என்றால் அவர்களுக்குப் புரியும், சிரித்துவிட்டுச் சேர்த்துக்கொள்வார்கள். வாத்தியத்தைக் கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொல்லிவிடு. எங்களை நினைத்து மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. தண்ணீருக்கு அண்ணன் ஒரு மோட்டார்க்காரரை அழைத்து வருகிறேன் என்றிருக்கிறான், வருவான், அவன் வேகம் உனக்குத் தெரியும். உன்னைப் பார்க்க எங்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை. பயணம் முடிந்ததும் வா, வாத்தியத்தோடு வா, வந்து பத்து நாள் தூங்கு, நான் எழுப்பமாட்டேன். பாதி பின்னிய குல்லாயை என்ன செய்வது என்று அத்தைக்குப் பெரிய யோசனையாக இருந்தது, இப்போது அதை உன் ஊத்தின் ஒடிந்த கழுத்துக்குப் போட்டுவிடலாம் என்கிறாள், அளவு கேட்டு எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

இதை அண்ணன் போனில் படம் பிடித்து உனக்கு உடனே அனுப்பப் போகிறான், அவசரத்துக்கு அது சரி. ஆனால் தாளையும் தபாலில் போடுகிறேன், தாள்தான் உன் கைக்கு வர வேண்டும். விரல் வலிக்கிறது, விளக்குக்குக் கீழே உட்கார்ந்து கழுத்தும் வலிக்கிறது, ஆனால் ஒரு கடிதம் முழுக்க என் மகளிடம் நானே பேசிவிட்டேன், அந்த மகிழ்ச்சிக்கு வலி ஒரு பொருட்டில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. குளிர் காற்றில் காதை மூடிக்கொண்டு போ, அது உன் பிழைப்புக்கான காது. உன் கையும் மூச்சும் நீண்டநாள் ஒத்துப்போகட்டும் என்று அம்மாவும் அத்தையும் நானும் வாழ்த்துகிறோம்.

கேள்விக்குப் பதிலை மறந்துவிடப் பார்த்தேன். உன் தட்டு நன்றாகக் காய்ந்திருக்கிறது. சுருக்கம் இல்லை. ஓரமும் ஓரமும் சேர்ந்திருக்கின்றன. இந்தத் தாளை நாலாக மடித்து, மேஜைமேல் வைத்து, கையால் இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் உறையில் போடுகிறேன்.

உன் கூடைக்குப் பக்கத்தில் நின்று முனகிய,
அப்பா